கருவிக்குப் பதிவேடு உண்டு, கைபேசிக்கு இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்கிய சிறு பட்டறைகளில் அளவுக் கருவிகளுக்கென்று தனிப் பதிவேடு இருக்கும். ஒவ்வொரு வெர்னியர் காலிபருக்கும் மைக்ரோமீட்டருக்கும் ஓர் எண் உண்டு. அது யார் கையில் இருக்கிறது, கடைசியாகக் காலிபரேஷன் பார்த்தது எப்போது, அடுத்து பார்க்க வேண்டியது எப்போது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். தணிக்கைக்கு வருபவர் கேட்கும் ஏடுகளில் அதுவும் ஒன்று என்பதால், அரை மணி நேர வேலையானாலும் அதை யாரும் தள்ளிப்போடுவதில்லை.

அதே பட்டறையின் வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி கணக்கு, இ-வே பில், வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடம், தொழிலாளர்களின் ஆதார் நகல் ஆகியவை நாலைந்து கைபேசிகளில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு எந்த ஏடும் இல்லை. எந்த சிம் யார் பெயரில் வாங்கியது, எந்த எண்ணுக்கு எந்தக் கணக்கின் ஓடிபி வரும் என்று கேட்டால் முதலாளியே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கைபேசிப் பாதுகாப்பு என்றதும் வைரஸ் தடுப்பு மென்பொருளைத்தான் பலரும் நினைக்கிறார்கள். சிறுதொழிலைப் பொறுத்தவரை சிக்கல் அதற்கு முந்திய கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. கருவி யாருடையது, எண் யாருடையது, அதிகாரம் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும் பெரிதாக எதையும் காப்பாற்றிவிடாது.

பேட்டைக்குள் கைபேசி வந்த வழி

கிண்டி தொழிற்பேட்டை 1958இல் தொடங்கியது. அதன் அடுத்த பெரிய அடியாக 1964இல் அம்பத்தூர் பேட்டை வந்தது. சுமார் 1,300 ஏக்கரில் ஏறக்குறைய 1,800 தொழிற்கூடங்கள் கொண்ட இது, தெற்காசியாவின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது. பக்கத்தில் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற வாகன உதிரிபாக ஆலைகள். மேற்கே ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொண்டுவந்த கனரக வாகனத் தொழிற்சாலை. இந்தப் பெரிய ஆலைகளுக்காகக் கடைவது, துளையிடுவது, முலாம் பூசுவது, அச்சு செய்வது என்று ஜாப் ஒர்க்கில் வளர்ந்த வட்டாரம் இது. பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடங்குகளும் லாரி அலுவலகங்களும் பெருகின.

பெரிய நிறுவனங்களில் முதலில் கணினி வந்தது. பிறகு அதைக் கவனிக்க ஒரு துறை வந்தது. கைபேசி அதற்கும் பிறகுதான் வந்தது. பட்டறைகளில் நடுவில் இருக்க வேண்டிய அந்தத் துறை வரவே இல்லை. டேலி ஓடும் ஒரே கணினி அலுவலக அறையில் இருக்கும். மற்ற எல்லா வேலையும் நேரே கைபேசிக்குப் போய்விட்டது.

இது விருப்பப்பட்டு நடந்த மாற்றம் மட்டுமல்ல. அரசின் விதிகளும் அந்தப் பக்கமே தள்ளின. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையேயான சரக்குக்கும் அந்த ஜூனில் தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கும் இ-வே பில் வந்தது. 2020 ஜூலையில் வந்த, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் ஓடிபியை நம்பியது. 2025 ஏப்ரல் 1 முதல், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் தளத்துக்குள் நுழைய கடவுச்சொல்லோடு ஓடிபியும் கட்டாயம் ஆயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி எண் எடுக்க உமங் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். ஆள் சேர்ப்பதற்கும் சரக்கு வெளியே போவதற்கும் கைபேசி இல்லாமல் முடியாது என்ற நிலை ஏழே ஆண்டுகளில் வந்துவிட்டது.

ஓடிபி சொல்லிப் பழகிய வாய்

இந்த விதிகள் ஒவ்வொன்றும் பாதுகாப்புக்காகவே வந்தவை. ஆனால் பட்டறைக்குள் வந்ததும் அவை எப்படி மாறுகின்றன என்பதை ஒரு மாலை நேரக் காட்சியில் பார்க்கலாம்.

டாடா ஏஸ் வண்டியில் சரக்கு ஏற்றியாயிற்று. டிரைவர் வண்டியை எடுக்க அவசரப்படுகிறார். அக்கவுண்டன்ட் இ-வே பில் தளத்தைத் திறந்து கடவுச்சொல்லைப் போட்டதும் ஓடிபி முதலாளியின் எண்ணுக்குப் போகிறது. முதலாளி பாடி மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கிறார். "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்." அவர் ஆறு எண்களைப் படிக்கிறார். அடுத்த நாளும் இதேதான். ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான முறை, எந்தக் கணக்குக்கு வந்தது என்று பார்க்காமலே ஓடிபியைச் சொல்லிப் பழகிவிடுகிறார்.

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வங்கியும் காவல்துறையும் ஓயாமல் சொல்கின்றன. அந்த அறிவுரையைக் கேட்டுத் தலையாட்டும் அதே ஆள், தொழில் நடக்க வேண்டுமென்றால் நாள்தோறும் அதை மீற வேண்டியிருக்கிறது. மோசடிக்காரன் அழைக்கும்போது அவர் ஏமாறுவதற்கு அறியாமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வேலை ஒழுங்கே அவருக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறது.

இதற்கு வழி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. முதன்மைப் பயனரின் கீழ் துணைப் பயனர்களை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணைப் பதிந்துவிட்டால் ஓடிபி அவரவருக்கே போகும். சரக்கு அனுப்புபவருக்கு இ-வே பில் எடுக்கும் உரிமை மட்டும் போதும். தேசியத் தகவல் மையத்தின் 'என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு' செயலியில் இணையம் இல்லாமலே ஓடிபியை எடுக்கலாம். வேலையைவிட்டுப் போனவரின் பெயரை மறுநாளே முடக்கலாம். செலவு எதுவும் இல்லாத ஏற்பாடு இது. வங்கிகளின் தொழில் கணக்குகளிலும் இதைப்போல, ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் தரும் முறை உண்டு. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

எண் யார் பெயரில்?

கைபேசி தொலைந்தால் நட்டம் பத்தாயிரமோ இருபதாயிரமோ. எண் கைமாறினால் நட்டத்துக்கு அளவு சொல்ல முடியாது. யுபிஐ, வங்கி, ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் எல்லாம் கருவியைவிட எண்ணையே நிறுவனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன.

அந்த எண் பலவிதமாகக் கைநழுவிப் போகிறது. முதலாவது, எண் தொடக்கத்திலிருந்தே நிறுவனத்துடையதாக இல்லாதது. ஜிஎஸ்டி பதிவு செய்துகொடுத்த ஆடிட்டர் அலுவலகத்தின் எண்ணும் மின்னஞ்சலுமே பதிவில் இருப்பது நாடு முழுக்கப் பரவலாக இருந்தது. பதிவு செய்துகொடுத்த இடைத்தரகர்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தர மறுப்பதாகப் புகார்கள் குவிந்ததால், வட்டார வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் எண்ணை மாற்றிக்கொள்ளும் வழியை 2018இல் மத்திய அரசே அறிவிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, விற்பனையாளரோ மேற்பார்வையாளரோ சொந்தப் பெயரில் வாங்கிய சிம்மில் தொழிலின் வாட்ஸ்அப் ஓடுவது. அவர் விலகினால் வாடிக்கையாளர் பட்டியலும் பேசிய விலைகளும் அவரோடு போகும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டப்படி அது அவருடைய எண். நிறுவனத்தின் பெயரிலேயே தொழில் இணைப்பு வாங்கி, அதைப் பயன்படுத்துபவரின் அடையாளத்தையும் பதிந்து கொடுக்கும் முறை இப்போது எல்லாத் தொலைபேசி நிறுவனங்களிடமும் இருக்கிறது.

மூன்றாவது, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண். 90 நாள் பயன்பாடே இல்லாத எண் முடக்கப்படலாம். முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுப்பார்கள். 2023 நவம்பரில் இது உச்ச நீதிமன்றம் வரை போனபோது, பழைய எண்ணோடு இணைந்த வாட்ஸ்அப் தரவை அழித்துவிடும் பொறுப்பு பழைய சந்தாதாரருடையதே என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. கொரோனாவில் மூடிய கிளையின் எண் எந்த வங்கிக் கணக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது, சிம் மாற்று மோசடி. போலி ஆவணம் காட்டி வேறொருவர் அதே எண்ணுக்கு நகல் சிம் வாங்குவது. இதைத் தடுக்கத்தான், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்ற விதியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பகல் வேளையில் முதலாளியின் போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் அதே நிறுவனத்தின் வேறு சிம் சரியாக வேலை செய்தால், அதை டவர் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு, வாட்ஸ்அப்பில் வரும் முதலாளி

தாக்குதல்கள் பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்துதான் வருகின்றன. போக்குவரத்து அபராதச் சலான், திருமண அழைப்பிதழ், வங்கி கேஒய்சி என்ற பெயரில், ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு வரும். சொந்த வண்டி வைத்திருக்கும் பட்டறையில் அபராதச் சலான் என்றால் டிரைவரும் திறப்பார், முதலாளியும் திறப்பார். நிறுவியதும் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வோர் ஓடிபியும் சத்தமில்லாமல் மோசடிக்காரனுக்கும் போகும். பிறகு அந்த வாட்ஸ்அப் கணக்கையே பிடித்து, அதே கோப்பைத் தொடர்பில் உள்ள எல்லாருக்கும் அனுப்புவான். ஜாப் ஒர்க் கொடுப்பவர், வாங்குபவர், முலாம் பூசுபவர், லாரிக்காரர் என்று எல்லாரும் ஒரே குழுவில் இருக்கும் பேட்டையில் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டில் இதை அடைக்கும் கதவு ஒன்று உண்டு. தெரியாத மூலங்களிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அணைத்துவைத்தால் ஏபிகேயைத் தொட்டாலும் அது நிறுவப்படாது. பணப் பரிமாற்ற ஓடிபி வரும் எண்ணை வாட்ஸ்அப் இல்லாத தனிக் கருவியில் வைத்தால் இன்னும் நல்லது. ஓடிபிக்கு எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்புவதன் பலவீனம் உலகம் அறிந்ததே. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இலேயே அதைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்தியது. எஸ்எம்எஸ் தாண்டிய அடையாளச் சரிபார்ப்புக்கு வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025 செப்டம்பரில் வெளியாயின.

இன்னொரு வகை மோசடிக்குத் தொழில்நுட்பமே தேவையில்லை. 2022 செப்டம்பரில் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டில், தலைமை நிர்வாகி அனுப்பியதுபோல் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி 1.01 கோடி ரூபாய் வேற்றுக் கணக்குகளுக்கு அனுப்பப்பட்டது. நிதித் துறை, தணிக்கை எல்லாம் உள்ள பெரிய நிறுவனத்திலேயே இப்படி. முதலாளியின் முகப்புப் படத்தோடு "மீட்டிங்கில் இருக்கேன், இந்தக் கணக்குக்கு உடனே போடுங்க" என்று வந்தால், அவரை எதிர்த்துக் கேள்வி கேட்டுப் பழகாத அக்கவுண்டன்ட் என்ன செய்வார்? புதிய கணக்கு எண்ணுக்குப் பணம் போவதற்கு முன், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்க வேண்டும் என்ற விதியை முதலாளியே எழுதிக் கொடுக்க வேண்டும். தன்னைச் சந்தேகப்படும் உரிமையை ஊழியருக்கு அவர்தான் தர முடியும்.

கேலரியில் கிடக்கும் வரைபடம்

பெரிய ஆலைகள் பலவற்றில் உள்ளே போகும்போதே வாயிலில் கைபேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஆலைகளின் பாக வரைபடங்கள் ஜாப் ஒர்க் பட்டறைக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. வந்த படம் தானாகவே கேலரியில் இறங்கி, ஆபரேட்டரின் குழந்தையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவருடைய சொந்த கூகுள் கணக்குக்கும் நகலாகிறது. அவர் அடுத்த தெருவில் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தாலும் அது அங்கேயே இருக்கும். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் முதலாளி என்பதால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

மனிதவளம் பார்ப்பவரின் கைபேசியில் இன்னொரு குவியல் இருக்கும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்களின் ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம் என்று இஎஸ்ஐக்கும் பிஎஃபுக்கும் எடுத்தவை. 2023இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பட்டறைக்கு அவ்வளவு விதிக்க மாட்டார்கள் என்பது வேறு. வேலை முடிந்த படத்தை அழிப்பது யார் பொறுப்பு என்று இன்று யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நகல் எங்கெங்கோ பரவிக் கிடந்தால் ஆபத்துக்கு உதவும் என்று எண்ணவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்களே மூழ்கின. அப்படி அலுவலகக் கணினி போய்விட்டால், யாரோ ஓர் ஊழியரின் கைபேசியில் தேடி எடுப்பதைக் காப்புநகல் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதே காப்புநகல்.

மென்பொருள் எதுவரை உதவும்

ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பு 2014இல் வந்தபோதே வேலைக்கென்று தனிப் பகுதி ஒன்றைக் கைபேசிக்குள் பிரிக்கும் வசதி வந்துவிட்டது. தொழிலாளியின் சொந்தக் கருவியில் இப்படிப் பிரித்தால், நிறுவனத்தால் வேலைப் பகுதியை மட்டுமே நிர்வகிக்க முடியும். அவர் விலகும்போது அந்தப் பகுதியை மட்டும் அழிக்க முடியும். அவருடைய படங்களையும் சொந்தச் செயலிகளையும் முதலாளியால் பார்க்க முடியாது. இந்த உத்தரவாதத்தை முதலிலேயே தமிழிலும் இந்தியிலும் சொல்லாவிட்டால், 'வேவு பார்க்கிறாங்க' என்ற பேச்சு கிளம்பிவிடும். அதற்குப் பிறகு யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

எல்லாக் கைபேசிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் மென்பொருளைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவே ஒன்றைத் தருகிறது. 25 கருவிகள் வரை கட்டணமில்லாத பதிப்பும் அதற்கு உண்டு. பூட்டு கட்டாயம், ஏபிகே தடை, தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிப்பது ஆகிய மூன்றும் கிடைத்தாலே ஒரு பட்டறைக்குப் பெரிது. நிறுவனம் வாங்கிய போனில் ஊழியரின் சொந்த ஜிமெயிலைப் போடவிடாமல் பார்த்துக்கொள்ளவும் இது உதவும். அப்படிப் போட்டுவிட்டு அவர் போய்விட்டால், ரீசெட் செய்த கருவி அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும்.

ஆனால் மென்பொருள் கருவியைத்தான் காக்கும். எண் யார் பெயரில், ஒப்புதல் யார் கையில் என்பதை அது தீர்க்காது. அதற்குப் பதிவேடுதான் வேண்டும். வரிசை எண், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ, சிம் யார் பெயரில், யார் கையில், எந்தெந்தக் கணக்கின் ஓடிபி அதற்கு வருகிறது, வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கப் பின் போட்டாயிற்றா, எந்தக் கணினிகளில் இணைத்திருக்கிறது, கடைசியாகப் பார்த்த தேதி. எட்டுப் பத்திகள், மாதம் ஒருமுறை. வாட்ஸ்அப்பை நான்கு கருவிகள் வரை இணைத்துவைக்க முடியும் என்பதால், போன வருடம் விலகியவரின் மடிக்கணினியில் இன்னும் செய்திகள் ஓடிக்கொண்டிருப்பது இந்தச் சோதனையில்தான் தெரியவரும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2025 செப்டம்பரில் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வெளியிட்ட 15 அடிப்படைக் கட்டுப்பாடுகளிலும் சொத்துப் பட்டியலுக்குத் தனி இடம் உண்டு. கைபேசிப் பாதுகாப்புக்கும் உண்டு.

போன பிறகு

2024இல் இணைய மோசடியில் இந்தியர்கள் இழந்ததாக உள்துறை அமைச்சகம் சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். பணம் போனது தெரிந்ததும் முதல் வேலை 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. வங்கிகளோடு இணைந்த அந்த அமைப்பு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்க்கும். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு வங்கிக்கு எழுத்துப்பூர்வமான புகார். தவறு வங்கியுடையதும் வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பே இல்லை என்றும், நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்ன சிறுதொழில் நடப்புக் கணக்குக்குப் பொறுப்பு 10,000 ரூபாய் வரைதான் என்றும் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை வரையறுத்தது. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான நட்டம் நம்முடையதே.

கருவி தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் சிஇஐஆர் பகுதியில் ஐஎம்இஐயைக் கொடுத்து முடக்கலாம். 2023 மே முதல் இது நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரக எல்லைக்குள் வருகின்றன. இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவு தங்களுக்குப் பொருந்தாது என்று சிறு நிறுவனங்கள் நினைக்கின்றன. அவர்களுக்காக அமலாக்கத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை தள்ளிவைத்தார்களே தவிர, விலக்குத் தரவில்லை.

யார் மாற்ற முடியும்

அளவுக் கருவிப் பதிவேடு பட்டறைகளில் தானாக முளைக்கவில்லை. வேலை கொடுத்த பெரிய ஆலைகள் கேட்டதால் வந்தது. அதே ஆலைகள் விற்பனையாளர் தணிக்கையில் "எங்கள் வரைபடம் எந்தெந்தக் கைபேசியில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் ஆறு மாதத்தில் நிலைமை மாறும். அதோடு அவர்களே வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்த வேண்டும். பேட்டை உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகள் ஐம்பது பட்டறைகளுக்குப் பொதுவாக ஒரு தொழில்நுட்ப ஆளை வைத்துக்கொள்வதும் தாங்கக்கூடிய செலவுதான்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது முதலாளியின் மனத்தடை. எல்லா ஓடிபியும் தன் எண்ணுக்கே வந்தால் எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாக அவர் நினைக்கிறார். ஆனால் வாயால் சொல்லும் ஒவ்வோர் ஓடிபியோடும் தன் முழு அதிகாரத்தையும், யார் எதற்குப் பயன்படுத்தினார் என்ற சுவடே இல்லாமல், எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் சரக்கும் நகராது, சம்பளமும் போகாது. சரக்கு அனுப்புபவருக்கு அனுப்பும் உரிமை, கணக்கருக்குப் பதியும் உரிமை, தனக்கு ஒப்புதல் உரிமை என்று பிரித்துக் கொடுத்தால் யார் என்ன செய்தார் என்பது அவரவர் பெயரிலேயே பதிவாகும். அப்போதுதான் கட்டுப்பாடு உண்மையில் அவர் கைக்கு வரும்.